ஒருத்தர் போய் வரட்டும், மத்தவங்க இருங்க



முழங்கால் வலியைப் பற்றிப் போன மாதம் எழுதியதற்கு ஆளுக்கொரு எண்ணெய் சொன்னீர்கள. எல்லோருக்கும் நன்றி. வலி அப்படியே இருக்கிறது. இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். கம்ப்யூட்டர் சமாச்சாரம் என்று பாதியில் ஓடிவிட வேண்டாம். இதில் தறி இருக்கிறது, ஆரணி பஸ் இருக்கிறது, ரேஷன் கடை இருக்கிறது. நான் செய்த தப்பு ஒன்றும் இருக்கிறது. வாத்தியார் தப்பு என்றால் கடைசிவரை படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்த பழைய மாணவன் ஒருவன் தேவிகாபுரத்தில் என் வீட்டுக்கு வந்தான். சென்னையில் ஒரு கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. காபி குடித்துக்கொண்டே, "சார், போன மாசம் எங்க சர்வர் படுத்துடுச்சு. ராத்திரி பூரா முழிச்சோம். கடைசியில பார்த்தா ஒரே ஒரு வரி எழுதினதும் எழுந்து உக்காந்துடுச்சு" என்றான். என்ன வரி என்று கேட்டேன். ஒரே கோப்பை ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் கேட்டால், முதலில் கேட்டவனுக்காக மட்டும் வெளியே போய் எடுத்து வா, மற்ற 999 பேரையும் நிற்க வை, வந்ததும் எல்லோருக்கும் கொடு. இதுதான் அந்த ஒரு வரி. அவன் பெருமையாகச் சொல்லிக்கொண்டே போனான். எனக்குக் காபி தொண்டையில் இறங்கவில்லை. இதே வார்த்தைகளை 2007-இல் ஒரு பிளஸ் டூ பையன் என்னிடம் சொல்லியிருக்கிறான். நான் அவனைப் போய் உட்காரச் சொன்னேன்.

நான் கணக்கு வாத்தியார் என்றாலும், அப்போது வேலை பார்த்த பள்ளியில் கம்ப்யூட்டர் லேப் பொறுப்பையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். "உங்களுக்குத்தான் சார் பொறுமை அதிகம்" என்பது அதற்குச் சொன்ன காரணம். லேப்பில் 20 கம்ப்யூட்டர். எல்லாவற்றுக்கும் சேர்த்து 256 கே.பி.பி.எஸ். வேகத்தில் ஒரே ஒரு லைன். இன்றைக்கு உங்கள் கைபேசியில் வரும் வேகத்தோடு ஒப்பிட்டால் அது மாட்டு வண்டி. மாதத்துக்கு இவ்வளவுதான் என்று அளவும் உண்டு. தாண்டினால் ஒவ்வொரு எம்.பி.க்கும் தனியாகக் கட்ட வேண்டும்.

அதனால் நடுவில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்து, அதில் ஸ்க்விட் என்ற ப்ராக்ஸி சர்வரைப் போட்டுக் கொடுத்திருந்தார் ஒரு நண்பர். அதன் வேலை எளிது. பிள்ளைகள் யார் எந்தக் கோப்பைக் கேட்டாலும் அதன் வழியாகத்தான் கேட்க வேண்டும். அது வெளியே போய் எடுத்து வந்து கொடுக்கும். ஒரு பிரதியைத் தன்னிடமும் வைத்துக்கொள்ளும். அடுத்தவன் அதையே கேட்டால் வெளியே போகாமல் தன்னிடம் இருப்பதைக் கொடுத்துவிடும். கேச் என்று சொல்வது இதைத்தான். ஒரு முறை வாங்கி வைத்ததை இருபது பேருக்குப் பரிமாறுவது. கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? எனக்கும் நன்றாகத்தான் இருந்தது.

ஒரு நாள் பிளஸ் டூ ஏ பிரிவுக்கு லேப் பீரியட். மாதிரி வினாத்தாள் தொகுப்பு ஒன்று, 3 எம்.பி. கோப்பு, எல்லோரும் திறக்க வேண்டும். என் வகுப்பில் படித்தவர்களுக்குத் தெரியும், எனக்கு எல்லாம் ஒழுங்காக நடக்க வேண்டும். "யாரும் முந்தக் கூடாது. நான் ஒண்ணு ரெண்டு மூணு சொன்னதும் எல்லாரும் சேர்ந்து அழுத்தணும்" என்றேன். இருபது விரல்கள் ஒரே சமயத்தில் அழுத்தின. டக் என்று ஒரே சத்தம். அவ்வளவு அழகு. அதற்குப் பிறகு அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. இருபது திரைகளிலும் அந்தப் பட்டை எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது. கோப்பு திறந்ததும் பீரியட் முடிய மணி அடிக்கவும் கிட்டத்தட்ட சரியாக இருந்தது.

மறுநாள் பி பிரிவு. அதே கோப்பு, அதே ஒண்ணு ரெண்டு மூணு. கண் மூடித் திறப்பதற்குள் இருபது பேருக்கும் வந்துவிட்டது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இன்னைக்கு லைன் நல்லா இருக்கு."

இரண்டு நாளும் லைன் ஒரே லைன்தான். கணக்கு வாத்தியார் அப்போது போடாத கணக்கை இப்போது போட்டுக் காட்டுகிறேன். 3 எம்.பி. என்பது 24 மெகாபிட். 256 கே.பி.பி.எஸ். லைனில் அது வந்து சேர ஏறக்குறைய 94 விநாடி, அதாவது ஒன்றரை நிமிடம். அதையே இருபது முறை கொண்டுவந்தால் 1,875 விநாடி. 31 நிமிடம். முதல் நாள் அந்த ஒரே கோப்பு எங்கள் லைனில் இருபது முறை பயணம் செய்திருக்கிறது. 3 எம்.பி. செலவாக வேண்டிய இடத்தில் 60 எம்.பி. செலவு. மறுநாள் பி பிரிவு வந்தபோது கோப்பு ஏற்கெனவே கேச்சில் இருந்தது. லைனை யாரும் தொடவே இல்லை.

கேச் இருந்தும் முதல் நாள் ஏன் இருபது முறை போயிற்று? இங்கேதான் விஷயம். முதல் பையன் கேட்டபோது கோப்பு கேச்சில் இல்லை. சர்வர் வெளியே ஆள் அனுப்பியது. போன ஆள் திரும்பி வந்து 'இதுதான் கோப்பு, இதை வைத்துக்கொள்ளலாம்' என்று சொல்லும் வரை சர்வரின் கையில் ஒன்றும் இல்லை. அந்த ஒன்றிரண்டு விநாடி இடைவெளியில் இரண்டாவது பையன் கேட்கிறான். கேச்சில் இருக்கிறதா? இல்லை. இன்னொரு ஆளை அனுப்பு. மூன்றாவது பையன்? இன்னொரு ஆள். பதில் வரத் தொடங்கிய பிறகு கேட்டிருந்தால், பாதி வந்த கோப்போடேயே சர்வர் அவனைச் சேர்த்துவிட்டிருக்கும். பிள்ளைகள் முன்னும் பின்னுமாக, ஐந்து விநாடி இடைவெளியில் அழுத்தியிருந்தால் ஒரு பிரச்சினையும் இருந்திருக்காது. என் ஒழுங்குதான் கெடுத்தது. ஒண்ணு ரெண்டு மூணு சொல்லி இருபது பேரையும் அந்தச் சின்ன இடைவெளிக்குள் தள்ளியது நான்.

இதைக் கண்டுபிடித்தவன் கடைசி வரிசைப் பையன். சர்வர் திரையில் ஓடும் பதிவுகளை வேடிக்கை பார்ப்பது அவன் வழக்கம். ஏ பிரிவு பீரியட் முடியும்போது என் பக்கத்தில் வந்து நின்றான்.

"சார், ஒரே அட்ரஸ் இருபது தடவை வந்திருக்கு சார். எல்லாத்துலயும் மிஸ் மிஸ்னு போட்டிருக்கு."

"அதுக்கு?"

"ஒருத்தன் மொதல்ல அழுத்தட்டும் சார். மத்தவங்க அப்புறமா அழுத்தலாம். இல்லன்னா இந்த மிஷினே, ஒருத்தன் போயிருக்கான், வரட்டும், நீங்க இருங்கன்னு சொல்லணும். எங்க தெருவுல ஜரிகை வாங்க ஆரணிக்கு ஒருத்தர் போனா போதும் சார். பத்து வீட்டுக்கும் அவரே வாங்கியாந்துடுவார்."

நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "நெசவும் நெட்டும் ஒண்ணாடா? போய் உக்காரு." வகுப்பே சிரித்தது. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளும் சிரித்தார்கள். சொன்ன நானும் தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவன்தான்.

அதோடு விட்டேனா? இல்லை. லைன் போதவில்லை என்று தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்தேன். லைன் கொடுத்தவர்களைத் திட்டினேன். பெற்றோர் ஆசிரியர் கழகப் பணத்திலிருந்து வேகத்தை இரட்டிப்பாக்கினோம். அந்தப் பணம் யார் பணம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாதிப் பேர் கூலிக்கு நெய்கிறவர்கள். இரட்டிப்பாக்கி என்ன கண்டோம்? 31 நிமிடம் 16 நிமிடம் ஆயிற்று. அந்தப் பையன் சொன்னதைக் கேட்டிருந்தால் பழைய லைனிலேயே ஒன்றரை நிமிடம். காலணா செலவில்லை. வகுப்புக்கு முன்னால் நானே ஒரு முறை அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருந்தால்கூடப் போதும், கேச்சில் ஏறியிருக்கும். அதுகூடத் தோன்றவில்லை.

இன்னும் ஒன்று, பொங்கலுக்கு வந்தவன் சொல்லித்தான் தெரியும். ஸ்க்விட்டை எழுதியவர்களுக்கும் இந்தக் குறை தெரிந்திருந்தது. 2006-இல் வந்த 2.6 பதிப்பிலேயே இதற்கென்று ஓர் அமைப்பைச் சேர்த்துவிட்டார்கள். எங்கள் லேப்பில் ஓடியது அதற்கு முந்தைய பதிப்பு. பையன் குறை சொன்ன நேரத்தில் அதற்கு மருந்து கடைக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அடுத்து வந்த 3 வரிசைப் பதிப்புகளில் அந்த அமைப்பு காணாமல் போய், 2015-இல் வந்த 3.5-இல் மீண்டும் சேர்ந்ததாம். நல்ல பழக்கங்கள் வீடுகளிலும் அப்படித்தான் ஒரு தலைமுறை விட்டுப் போகின்றன.

சரி, இனி என் கருத்து. சர்வர் வேலையில் இருக்கும் என் மாணவர்கள் குறைந்தது முப்பது பேராவது இதைப் படிப்பீர்கள். 'கூட்டம் அதிகம், லைன் போதவில்லை, சர்வர் போதவில்லை' என்று மேலே எழுதி அனுப்புவதற்கு முன்னால், ஒரே சாமானை எத்தனை முறை சுமக்கிறோம் என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். பள்ளிக்கூடத்துக்கும் பஞ்சாயத்து ஆபீசுக்கும் வேலை செய்து கொடுப்பவர்கள் கட்டாயம் எண்ண வேண்டும். அங்கே வீணாகும் பணம் கம்பெனிப் பணம் இல்லை.

ஆனால் இந்த வசதி பெரும்பாலும் அணைத்துத்தான் வைக்கப்பட்டிருக்கிறது. ஸ்க்விட்டில் நாமாகப் போட்டால்தான் உண்டு. இன்று பல தளங்களின் முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ் சர்வரிலும் ப்ராக்ஸி கேச் லாக் என்ற பெயரில் இருக்கிறது, அதுவும் அணைத்துத்தான் வருகிறது. வார்னிஷ் என்ற ஒன்றோ இதைத் தானாகவே செய்கிறது. ஏன் அணைத்து வைக்கிறார்கள் என்று பொங்கலுக்கு வந்தவனிடம் சண்டை போட்டேன். அவன் சொன்ன காரணத்தில் நியாயம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள நம் தெருவுக்குப் போக வேண்டும்.

என் அப்பா ஆரணிக்குக் கிளம்பும் நாளில் திண்ணையிலிருந்தே குரல் கொடுப்பார். "ஆரணிக்குப் போறேன், யாருக்கு என்ன வேணும்?" ஒருவர் ஜரிகை சொல்வார், ஒருவர் பட்டு நூல் சொல்வார், ஒரு பாட்டி மூக்குப் பொடி சொல்லும். குரல் கொடுக்காமல் போனால் என்ன ஆகும்? ஒரு முறை அப்பாவும் சித்தப்பாவும் ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒரே தறிக்கு, ஒரே ஜரிகை வாங்க, வேறு வேறு பஸ்ஸில் போய்க் கடையில் சந்தித்துக்கொண்டார்கள். அந்தக் கதையை என் அம்மா சாகும் வரை சொல்லிச் சிரித்தாள். எங்கள் லேப்பில் நடந்தது அதுதான், இரண்டு பேருக்குப் பதில் இருபது பேர்.

இப்போது அந்த ஏற்பாட்டில் என்னென்ன கோளாறு வரும் என்று யோசியுங்கள். போனவர் வரவில்லை. பஸ் நின்றுவிட்டது, அல்லது உறவுக்காரர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். பத்துத் தறி காத்துக் கிடக்கிறது. எவ்வளவு நேரம் காத்திருப்பது? எங்கள் தெருவில் அதற்கும் கணக்கு இருந்தது: "மத்தியான பஸ் வரைக்கும் பாரு. வரலன்னா இன்னொருத்தர் கெளம்பு." கவனியுங்கள், இன்னொருத்தர். பத்துப் பேரும் அல்ல.

என்ஜின்எக்ஸில் அதே மாதிரி இரண்டு கணக்கு இருக்கிறது. போனவன் இத்தனை விநாடியில் முடிக்கவில்லை என்றால் இன்னொருவனை அனுப்பு என்பது ஒன்று. இத்தனை விநாடிக்கு மேல் காத்திருந்தவன் யாராக இருந்தாலும் தானே போகட்டும் என்பது இன்னொன்று. நாம் மாற்றாவிட்டால் இரண்டுக்கும் 5 விநாடி. இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. எங்கள் 3 எம்.பி. கோப்பு வரவே 94 விநாடி ஆகும். என்ஜின்எக்ஸில் கோப்பு முழுவதும் வந்து கேச்சில் உட்கார்ந்த பிறகுதான் காத்திருப்பவர்களுக்குக் கிடைக்கும். எங்கள் லேப்பில் அந்த 5 விநாடியை அப்படியே விட்டு இந்த வசதியைப் போட்டிருந்தால், ஆறாவது விநாடியில் 19 பேரும் தனித்தனியாக வெளியே கிளம்பியிருப்பார்கள். அவர்கள் கொண்டுவருவது கேச்சிலும் சேராது. வசதியைப் போட்டும் பழைய கதைதான், ஐந்து விநாடி தாமதத்தோடு. 'அந்த வரியை எழுதிவிட்டோம் சார், ஒன்றும் ஆகவில்லை' என்று சொல்பவர்கள் பலர் இந்தப் பள்ளத்தில் விழுந்தவர்களாகத்தான் இருப்பார்கள். கோப்பின் அளவை லைனின் வேகத்தால் வகுத்துப் பார்க்காமல் காத்திருக்கும் நேரத்தை முடிவு செய்யக் கூடாது. ஆறாம் வகுப்புக் கணக்கு.

நேரத்தை அளவில்லாமல் நீட்டி வைப்பதும் தப்பு. போனவன் எங்கேயோ தொங்கிப்போனால் ஆயிரம் பேரும் அவனோடு சேர்ந்து தொங்குவார்கள். தனித்தனியாகப் போயிருந்தால் பாதிப் பேராவது தப்பித்திருப்பார்கள். ஒருவனை நம்பி எல்லோரையும் நிறுத்துகிறவனுக்கு அந்தப் பொறுப்பு உண்டு.

அடுத்த கோளாறு ரேஷன் கடை. ஜரிகையை யார் வேண்டுமானாலும் வாங்கி வரலாம். ரேஷன் அரிசியை அப்படி வாங்க முடியுமா? அந்தந்தக் குடும்ப அட்டை, அந்தந்த வீட்டு ஆளின் கைரேகை. பத்துப் பேரை நிற்க வைத்துவிட்டு ஒருவரை அனுப்பினால் அவர் தன் அரிசியோடு வருவார். காத்திருந்த ஒன்பது பேருக்கும் நேரம்தான் வீண். கோப்புகளிலும் இரண்டு ஜாதி உண்டு. வினாத்தாள், பாடநூல், அரசாணை, படம் இவையெல்லாம் ஊருக்குப் பொது. உங்கள் வங்கிக் கணக்கு, மருத்துவ அறிக்கை, மதிப்பெண் பக்கம் இவை அவரவர்க்கு மட்டும். கேட்கும்போது எது எந்த ஜாதி என்று நடுவில் நிற்கும் சர்வருக்குத் தெரியாது. பதில் வந்த பிறகுதான் தெரியும். இதனால்தான் அணைத்து வைத்துக் கொடுக்கிறார்கள். வார்னிஷில் இதற்கு ஒரு உபாயம் வைத்திருக்கிறார்கள்: ஒரு முகவரியிலிருந்து 'இது பொது அல்ல' என்று பதில் வந்தால் அதைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்துக்கொள்கிறது. அதன்பின் அதைக் கேட்பவர்களை வரிசையில் நிறுத்தாமல் உடனே அனுப்பிவிடுகிறது. அந்த நினைவு இல்லாவிட்டால் ஒருவர் போய் வந்த பிறகு அடுத்தவர், அவர் வந்த பிறகு அதற்கடுத்தவர் என்று ஒற்றை வரிசை ஆகிவிடும். 2022-இல் வெளியான கேச்சுக்கான இணைய விதிமுறையிலும் இந்த இரண்டு பக்கமும் எழுதப்பட்டிருக்கிறது: பல கேள்விகளை ஒன்றாக்கி அனுப்பலாம், வந்த பதில் மற்றவர்களுக்குப் பொருந்தாவிட்டால் அவர்களைத் திரும்ப அனுப்ப வேண்டிவரும், தாமதமாகும்.

மூன்றாவது, சாயம். அரக்கு என்று சொல்லி அனுப்பினால் மட்டும் போதாது, எந்தச் சாயத்தில் நனைத்த அரக்கு என்றும் சொல்ல வேண்டும். ஒரே பெயர், பாவில் சேர்த்தால் பட்டை தெரியும். அதே போல ஒரே முகவரியில் ஒருவருக்குத் தமிழ்ப் பக்கமும் இன்னொருவருக்கு ஆங்கிலப் பக்கமும் வரும் தளங்கள் உண்டு. இரண்டையும் ஒன்று என்று நினைத்துச் சேர்த்தால் ஒருவர் கேட்டது இன்னொருவருக்குப் போகும். இதை விரிக்கவில்லை, தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

"சார், இதெல்லாம் பழங்கதை, இப்ப லைன் வேகம்" என்று ஒருவன் கமெண்டில் எழுதத்தான் போகிறான். ஒரு விதத்தில் சரி. பள்ளி லேப்பில் ப்ராக்ஸி வைக்கும் காலம் கிட்டத்தட்டப் போய்விட்டது. இன்று தளங்கள் எல்லாம் பூட்டிய உறையில் போய் வருகின்றன. நடுவில் நிற்கும் ஸ்க்விட் உறையைப் பிரித்துப் பார்த்துப் பிரதி எடுக்க முடியாது. ஆனால் வேலை ஒழியவில்லை, இடம் மாறியிருக்கிறது. இப்போது அது கேட்பவன் பக்கத்தில் இல்லை, கொடுப்பவன் வாசலில் இருக்கிறது. கூட்டமும் இருபது பேர் இல்லை. 2023 நவம்பர் 19, உலகக் கோப்பை இறுதி ஆட்டம். ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்ததாக அறிவித்தார்கள். நேரடி ஒளிபரப்பு என்பது சில விநாடிகளுக்கு ஒரு துண்டாக வெட்டி அனுப்பும் கோப்புகள்தான். ஒவ்வொரு துண்டும் அப்போதுதான் பிறக்கிறது. பிறந்த நொடியில் எந்தக் கேச்சிலும் அது இல்லை. அதைத்தான் அத்தனை கோடிப் பேரும் கேட்கிறார்கள். என் ஒண்ணு ரெண்டு மூணு, சில விநாடிக்கொரு முறை, நாள் முழுக்க. நடுவில் இருக்கும் சர்வர்கள் 'ஒருத்தர் போயிருக்கார், இருங்க' என்று சொல்லாவிட்டால் எவ்வளவு பெரிய லைன் போட்டும் தாங்காது. அன்று நாம் தோற்றதற்கு மட்டும் சர்வர் காரணம் இல்லை.

அந்தப் பையனைப் பற்றிக் கேட்பீர்கள். பிளஸ் டூ முடித்துத் தறியில் உட்கார்ந்துவிட்டான். அதற்கு நான்தான் காரணம் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு எனக்குத் தலைக்கனம் இல்லை. அவன் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது. இப்போது சொந்தமாகத் தறிகள் வைத்திருக்கிறான். பொங்கல் கழிந்த மறுநாள் நம்பரைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டேன். 2007-இல் நடந்ததைச் சொல்லி, "நீ சொன்னதுதான் சரிடா. எல்லார் முன்னாலயும் நான் அப்படிப் பேசினது தப்பு" என்றேன். அந்தப் பக்கம் தறிச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

"அப்பிடியா சார்? எனக்கு ஞாபகமே இல்லையே" என்றான். பிறகு, "அந்த மிஷின அப்புறமா சரி பண்ணாங்களா சார்?" என்று கேட்டான்.

பண்ணவில்லை என்று சொன்னேன். அவன் மன்னித்தானா இல்லையா என்பதெல்லாம் இல்லை. அவனுக்கு அந்த மிஷின் சரியாகவில்லையே என்பதுதான் வருத்தம். எல்லார் முன்னாலும் சொன்னதை எல்லார் முன்னாலும்தான் திருப்பி எடுக்க வேண்டும் என்பதால் இங்கே எழுதுகிறேன். அன்று சிரித்தவர்களில் சிலர் இந்தப் பதிவையும் படிக்கிறீர்கள்.

கடைசியாக உறவுகளுக்கு ஒரு வார்த்தை. போன முறை தம்பி பேரனின் பிளஸ் டூ ரிசல்ட் அன்று என்ன செய்தோம்? குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் பதிவு எண்ணையும் பிறந்த தேதியையும் போட்டுவிட்டான். (அதைப் போட்டதே தப்பு, அது வேறு சண்டை.) ஆரணியில் நாலு பேர், பெங்களூரில் மூன்று பேர், சிங்கப்பூரில் ஒருவர், நான் ஒருவன். ஒரே எண்ணை, அறிவித்த அதே நிமிடத்தில் ஒன்பது பேரும் தட்டினோம். வரவில்லை என்று திரும்பத் திரும்பத் தட்டினோம். ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒன்பது பேர் என்றால் எத்தனை லட்சம் பிள்ளைகள், கணக்குப் போட்டுப் பாருங்கள். மதிப்பெண் பக்கம் ரேஷன் அரிசி ஜாதி. அதை நடுவில் நிற்கும் சர்வர் பொதுவில் வைத்துப் பரிமாறக் கூடாது. அதனால் அங்கே இந்த ஒன்றாக்கும் வேலையைச் சர்வர் செய்ய முடியாது, வீட்டில் நாம்தான் செய்ய வேண்டும்.

வரும் மே மாதம் என் பேத்திக்கு ரிசல்ட். இப்போதே சொல்லிவிடுகிறேன். அவள் மட்டும்தான் பார்ப்பாள். பார்த்ததும் குழுவில் போடுவாள். இருபது நிமிடம் வரை யாரும் எண்ணைத் தட்ட வேண்டாம், அவளைக் கூப்பிடவும் வேண்டாம். இருபது நிமிடத்தில் அவளுக்குக் கிடைக்கவில்லை என்றால் பெங்களூரில் இருக்கும் அவள் மாமா பார்ப்பான். அவன் ஒருவன் மட்டும்.